புயலின் ஒப்பனை அறை

வங்கக் கடலில் புயல் ஒன்று பிறந்தால் நம் பங்குக்கு வந்து சேர்வது தொலைக்காட்சியில் சுழலும் வெள்ளை வட்டம், ஒரு பெயர், "மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்" என்ற ஒரு வரி. மேடையில் தெரிவது அவ்வளவுதான். எனக்கோ எப்போதும் மேடையைவிடக் கொட்டகையின் பின்பக்கம்தான் பிடிக்கும். அரிதாரம் குழைக்கிற இடம், ராஜபார்ட்டின் கிரீடத்துக்குப் பசை தடவுகிற இடம், "டேய், இடிச் சத்தத்துக்கு வெச்சிருந்த தகரம் எங்கடா?" என்று யாரோ கத்துகிற இடம்! புயலுக்கும் அப்படி ஒரு பின்பக்கம் இருக்கிறது. முகம் தெரியாத ஆட்களும் விநோதமான எண்களும் நிறங்களும் நிறைந்த இடம். வாருங்கள், திரையை விலக்கி எட்டிப் பார்த்துவிடலாம்.

நாம் பார்க்கப் போகிற மேடை நம் கரையில் இல்லை, எதிர்க்கரையில் இருக்கிறது. ஊர் பெயர் தன்லியின்.

மியான்மரின் யாங்கோன் நகரிலிருந்து பாகோ ஆற்றைத் தாண்டினால் தன்லியின் வந்துவிடும். 1993-இல் சீன உதவியோடு கட்டி முடித்த பாலம் ரயிலையும் லாரியையும் ஒன்றாகச் சுமக்கிறது. நம் பாட்டன்மார் இந்த ஊரைச் 'சிரியம்' என்பார்கள். ஊரின் சரித்திரம் சாதாரணமானதல்ல. ஃபிலிப்பி டி பிரிட்டோ என்ற போர்த்துகீசியர் 1599-இல் வந்து இறங்கி, கோட்டை கட்டி, ராஜாவாகவே உட்கார்ந்துவிட்டார். 1613-இல் பர்மிய மன்னர் அனௌக்பெட்லுன் ஊரைப் பிடித்து அவரைக் கழுவில் ஏற்றினார். 1756-இல் அலாங்பயா மன்னர் வந்து துறைமுகத்தையே ஒழித்தார். பிறகு பர்மா ஆயில் கம்பெனி இங்கே பெரிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையை நடத்தியது. இந்தியாவிலிருந்து தொழிலாளர்கள் கப்பல் கப்பலாக வந்தார்கள். 1942-இல் ஜப்பானியர் கையில் சிக்கிவிடக் கூடாதென்று ஆங்கிலேயரே அந்த ஆலையைத் தகர்த்தார்கள். இத்தனை பேர் கைவைத்தும் மிஞ்சிய ஊர் இது. இன்றும் இங்கே தமிழ்க் குடும்பங்கள் நிறைய. நாட்சின்கோன் கோயில் தைப்பூசம் யாங்கோன் வட்டாரத்தில் பேர் பெற்றது. ஒருபுறம் கடல்சார் பல்கலைக்கழகம், 2015-இல் திறந்த திலாவா பொருளாதார மண்டலம், துறைமுகம். இன்னொருபுறம் அதே பழைய வயல்வெளி, ஓடைகள், தாழ்ந்த கூரைகள்.

மேடையமைப்பைக் கொஞ்சம் கவனியுங்கள். ரகசியத்தில் பாதி அதில்தான் இருக்கிறது. பாகோ ஆறும் யாங்கோன் ஆறும் சேரும் மூலையில் ஊர். தெற்கே சிறிது தூரத்தில் கடல். சுற்றிலும் தட்டையான நெல்வயல். ஆனால் நடுவே ஒரு நீண்ட மேடு ஓடுகிறது. வடக்கே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளும் பாகோ யோமா மலைத்தொடரின் வால் அது. செம்பாறையும் சரளையுமாய், தன்லியினில் தொடங்கி பக்கத்து ஊரான சவுக்தான் வரை போகிறது. க்யாய்க்காவ் பகோடா பொன்னாய் மின்னிக்கொண்டு நிற்பது இந்த மேட்டின் மேல்தான்.

சவுக்தானில் இன்னொரு வேடிக்கை உண்டு. ஓடையின் நடுவே ஒரு சின்னப் பாறைத் திட்டில் யேலே பகோடா. படகில்தான் போக வேண்டும். போனால் கெளுத்தி மீன்களுக்குப் பொரி போடலாம், அவை வாயைப் பிளந்துகொண்டு கூட்டமாய் வரும். எவ்வளவு வெள்ளம் வந்தாலும் இந்தக் கோயில் முழுகாது என்பது ஊர் நம்பிக்கை. அந்த நம்பிக்கையை வைத்து யாரும் வெள்ள அபாயத்தைக் கணக்குப் போட வேண்டாம். ஆனால் கோயிலைக் கட்டியவர்கள் நல்ல பாறையாகப் பார்த்துத்தான் கட்டியிருக்கிறார்கள். இந்த வட்டாரத்தில் மேடு எது, பள்ளம் எது என்று அறிந்தவர்களின் வேலை அது. பேரிடர் ஆயத்தம் என்று இன்று ஆயிரம் பக்கத்தில் எழுதுகிறார்களே, அதன் முதல் பக்கம் இதுதான்.

சரி, இப்போது அறைகளுக்குள் போவோம்.

முதல் அறை தன்லியினில் இல்லை, டெல்லி லோதி சாலையில் இருக்கிறது! மௌசம் பவன். இந்திய வானிலைத் துறையின் தலைமையகம். உலகம் முழுவதற்கும் சேர்த்து ஆறே ஆறு வட்டார வெப்பமண்டலப் புயல் மையங்கள். வட இந்தியப் பெருங்கடலுக்கான மையம் இங்கேதான். வங்கக் கடலில் எது சுழன்றாலும் மியான்மர், வங்கதேசம், இலங்கை, தாய்லாந்து எல்லோருக்கும் ஆலோசனை அனுப்புவது இந்த அறையின் பொறுப்பு.

இங்கே நடக்கிற வேலையைக் கேட்டால் அசந்து போவீர்கள். அட்லான்டிக் கடலில் புயல் வந்தால் அமெரிக்கர்கள் விமானத்தைப் புயலுக்குள்ளேயே ஓட்டிக்கொண்டு போய்க் காற்றை அளந்துவிட்டு வருவார்கள். வங்கக் கடலில் அந்த வழக்கம் கிடையாது. அப்படியென்றால் நடுக்கடலில் காற்று எவ்வளவு வேகம் என்று எப்படித் தெரியும்? படத்தைப் பார்த்துத்தான்! வெர்னான் டிவோராக் என்ற அமெரிக்கர் 1970-களில் கண்டுபிடித்த முறை அது. செயற்கைக்கோள் படத்தில் மேகச் சுருள் எவ்வளவு தூரம் சுற்றியிருக்கிறது, நடுவே கண் திறந்திருக்கிறதா, சுற்றியுள்ள மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்று பார்த்து மதிப்பெண் போடுவார்கள். ஒன்றிலிருந்து எட்டு வரை, அரை அரையாக. 'டி எண்' என்பார்கள். எட்டு என்றால் பூமியில் இதற்கு மேல் கிடையாது என்று பொருள். மொபைலில் நாம் பார்க்கும் "மணிக்கு இத்தனை கிலோமீட்டர் வேகம்" பல நேரம் இப்படி ஒருவர் கண்ணைச் சுருக்கி வைத்துக்கொண்டு போட்ட மதிப்பெண்ணிலிருந்து பிறந்ததுதான். எனக்கு இது தெரிந்த நாளிலிருந்து வானிலை அறிக்கை மேல் மரியாதை கூடிவிட்டது.

மதிப்பெண் 2.5-ஐத் தொட்டதும் பின்பக்கத்தில் ஒரு பரபரப்பு. காற்று மணிக்கு 62 கிலோமீட்டரை எட்டிவிட்டது, இனி அது வெறும் தாழ்வு மண்டலம் அல்ல, புயல். பெயர் சூட்டு விழா!

பெயர் அப்போது யோசிக்கிற சமாச்சாரம் இல்லை. பட்டியல் பல ஆண்டுகளுக்கு முன்பே தயார். இப்போது புழக்கத்தில் இருப்பது 2020 ஏப்ரலில் வெளியானது. 13 நாடுகள், ஆளுக்கு 13 பெயர், மொத்தம் 169. நிபந்தனைகளும் உண்டு. ஆங்கிலத்தில் எட்டு எழுத்துக்கு மேல் போகக் கூடாது, யார் மனமும் புண்படக் கூடாது, அரசியல் வாடை கூடாது. புயல்கள் வரிசைப்படி பெயரை எடுத்துக்கொள்ளும். எந்த நாட்டை நோக்கிப் போகிறது என்பதற்கும் பெயர் கொடுத்த நாட்டுக்கும் சம்பந்தமே கிடையாது. அதனால் பழைய பட்டியலிலும் புதியதிலும் நடக்கும் கூத்தைப் பாருங்கள். 2011 டிசம்பர் 30 அன்று கடலூரின் பலாவையும் முந்திரியையும் சாய்த்த 'தானே' மியான்மர் கொடுத்த பெயர். 2023 டிசம்பரில் சென்னையை நெஞ்சளவு தண்ணீரில் நிறுத்திய 'மிக்ஜாம்' என்பதும் மியான்மர் கொடுத்ததுதான். மியான்மரை 2008-இல் சிதைத்த 'நர்கீஸ்' பாகிஸ்தான் கொடுத்தது. நம் சென்னை மரங்களை 2016-இல் சாய்த்த 'வர்தா'வும் பாகிஸ்தானின் பெயர்தான். இந்தியா கொடுத்த 13-இல் 'முரசு', 'நீர்' என்று இரண்டு தமிழ்ச் சொற்களுக்கும் இடம் கிடைத்திருக்கிறது. பட்டியலின் மூன்றாம் பத்தியில் வங்கதேசத்தின் 'அர்னாப்' முதலில், அதற்கு அடுத்தபடி முரசு. அது எந்தக் கரையில் கொட்டப் போகிறதோ!

பெயர் வைத்தாயிற்று. இனி ஊருக்குச் சொல்ல வேண்டும். இந்த இடத்தில் ஒரு பழைய அலமாரியைத் திறந்தாக வேண்டும், ஏனென்றால் நம் கரைக்கும் தன்லியின் கரைக்கும் இருக்கிற சொந்தம் அதில்தான் இருக்கிறது. 1864 அக்டோபரில் கல்கத்தாவைப் பெரும்புயல் ஒன்று தாக்கிப் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். அந்த அடியில்தான் 1865-இல் கல்கத்தா துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை முறை வந்தது. பத்து ஆண்டு கழித்து, 1875-இல் இந்திய வானிலைத் துறை பிறந்தது. பர்மா அன்று இந்தியாவோடு சேர்ந்த மாகாணம். ஆகவே ரங்கூனுக்கும் (இன்றைய யாங்கோன்) சென்னைக்கும் வானிலை சொன்னது ஒரே துறை! 1937 ஏப்ரல் 1 அன்று பர்மா நிர்வாகத்தில் தனியாகப் பிரிந்தபோதுதான் அங்கே தனி வானிலைத் துறை ஏற்பட்டது. கூட்டுக் குடும்பத்தில் பாகம் பிரித்த கதை. பாகம் பிரிந்தாலும் கடல் பொதுதான்.

நம் பங்குக்கு வந்த சொத்தில் ஒன்று, புயல் எச்சரிக்கைக் கூண்டு. "கடலூர், நாகை, பாம்பன் துறைமுகங்களில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது" என்ற வரியை வானொலியில் எத்தனை கார்த்திகை மாதங்களில் கேட்டிருக்கிறோம்! கேட்டவர்களில் எத்தனை பேர் அந்தக் கூண்டைப் பார்த்திருப்போம்? துறைமுகக் கம்பத்தில் பகலில் கூம்பும் உருளையுமான உருவங்களை ஏற்றுவார்கள், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். ஒன்றும் இரண்டும் தூரத்தில் எங்கோ புயல் என்று அர்த்தம். எண் ஏற ஏறக் கிட்டே வருகிறது. எட்டு, ஒன்பது, பத்து மூன்றும் பேராபத்து. பத்தோடு முடிந்துவிடும் என்றுதானே நினைப்போம்? இல்லை, பதினொன்று ஒன்று இருக்கிறது. வானிலை அலுவலகத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது, இனி துறைமுக அதிகாரி தன் கண்ணையும் அனுபவத்தையும் நம்பித்தான் முடிவெடுக்க வேண்டும் என்பதற்கான எண் அது. செய்தி வராததையே ஒரு செய்தியாக்கி அதற்கும் எண் கொடுத்து வைத்திருக்கிறார்களே, அந்த மூளைக்கு ஒரு கும்பிடு.

எதிர்க்கரையில் எண்ணைவிட நிறம் பேசும். மியான்மர் வானிலைத் துறை ஐந்து நிறம் வைத்திருக்கிறது. மஞ்சள் என்றால் புயல் உருவாகிவிட்டது, ஆனால் மியான்மர் பக்கம் வரவில்லை. ஆரஞ்சு என்றால் இந்தப் பக்கம் திரும்பிவிட்டது. சிவப்பு என்றால் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் கரையைத் தொடும். அடுத்து வருவதுதான் எனக்குப் பிடித்த நிறம், பழுப்பு. புயல் வந்தேவிட்டது, இப்போது உங்கள் தலைக்கு மேல் இருக்கிறது! பச்சை வந்தால் ஆபத்து நீங்கியது. நம் ஊர் எச்சரிக்கைப் பட்டியலில் பழுப்பு கிடையாது. தலைக்கு மேல் கூரை பறந்துகொண்டிருக்கும் வேளையில் நிறம் பார்க்க யாருக்கு நேரம் என்று கேட்கலாம். ஆனால் பழுப்புக்குள் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. புயலின் கண் ஊரைக் கடக்கும்போது காற்று சட்டென்று நின்றுவிடும், வானம்கூட வெளுக்கும். 'போயிடுச்சு' என்று ஜனங்கள் வெளியே வருவார்கள். அடுத்து மறுபக்கக் காற்று எதிர்த்திசையிலிருந்து அடிக்கும். பச்சை வரும்வரை பழுப்புதான் என்று தெரிந்தவர் வெளியே வர மாட்டார்.

நாட்காட்டியிலும் ஒரு வித்தியாசம் உண்டு. நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் வயிறு கலங்கும். அவர்களுக்கு அதோடு சித்திரை, வைகாசியிலும் கலங்கும். தென்மேற்குப் பருவமழைக்கு முன்பு வங்கக் கடல் கொதித்துக் கிடக்கும் ஏப்ரல், மே மாதங்களில் பிறக்கும் புயல்களுக்கு வடக்கே அல்லது வடகிழக்கே திரும்புகிற சுபாவம் அதிகம். திரும்பினால் வங்கதேசம் அல்லது மியான்மர்.

நர்கீஸ் அப்படித் திரும்பியதுதான். இங்கே என் உற்சாகம் கொஞ்சம் அடங்குகிறது. ஆனாலும் இந்தக் கதையைச் சொல்லாமல் பின்பக்கத்தைக் காட்ட முடியாது.

2008 ஏப்ரல் 28. புயலாகிப் பெயர் பெற்ற நர்கீஸ் சென்னைக்குக் கிழக்கே சுமார் 550 கிலோமீட்டரில் ஏறக்குறைய நகராமல் நின்றது. ஆம், சென்னைக்கு! கத்திரி வெயில் நெருங்கும் நேரத்தில் நம்மில் சிலர் மழை வராதா என்று அண்ணாந்து பார்த்திருப்போம். நடுவே கொஞ்சம் தளர்ந்தது. பிறகு கிழக்கே திரும்பியது. மே 1-ஆம் தேதியும் 2-ஆம் தேதியும் வெறி பிடித்ததுபோல் வலுத்தது. மே 2 மாலை ஐராவதி டெல்டாவில் ஏறி, நிலத்தின் மேலேயே கிழக்கு நோக்கி நகர்ந்து, 3-ஆம் தேதி விடியலில் யாங்கோன் வட்டாரத்தைத் தாண்டியது. வழக்கமாய்ப் புயல் கரையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு உள்ளே போய்ச் செத்துவிடும். இது டெல்டாவின் நீளத்துக்கும் கடற்கரையை ஒட்டியே போனது. அதனால் கடல் தண்ணீரை வழிநெடுக உள்ளே தள்ளிக்கொண்டே போனது. சில இடங்களில் 12 அடி உயரம், பல கிலோமீட்டர் உள்வரை. யாங்கோனில் வெள்ளைக்காரன் காலத்து மரங்கள் தெருத்தெருவாய்ச் சாய்ந்தன. அரசுக் கணக்கில் இறந்தவர்கள் 84,500-க்கும் மேல், காணாமல் போனவர்கள் 53,800-க்கும் மேல்.

பின்பக்கத்தில் என்ன நடந்தது? டெல்லி அறை தன் வேலையைச் செய்திருந்தது. புயல் எங்கே ஏறும், எவ்வளவு கடுமையாக இருக்கும் என்று 48 மணி நேரம் முன்பே மியான்மர் அமைப்புகளுக்குச் சொல்லிவிட்டதாக இந்திய வானிலைத் துறை பிறகு தெரிவித்தது. மியான்மர் வானிலைத் துறைக்கும் செய்தி தெரியும். அரசு ஊடகங்களும் புயல் வருகிறது என்று சொல்லாமல் இல்லை. ஆனால் அந்தச் செய்தியில் அவசரம் இல்லை. கடல் எவ்வளவு உயரம் ஏறும், ஏறினால் எங்கே ஓடுவது என்பது இல்லை. ராணுவ ஆட்சிக்கு அப்போது மனமெல்லாம் மே 10 அன்று நடக்கவிருந்த அரசியல் சட்ட வாக்கெடுப்பில். புயலுக்குப் பிறகும் அந்தத் தேதி மாறவில்லை, யாங்கோனிலும் ஐராவதியிலும் அடிபட்ட வட்டங்களில் மட்டும் 24-க்குத் தள்ளிப் போட்டார்கள். ஒப்பனை, விளக்கு, வசனம் எல்லாம் தயார், திரையை மட்டும் யாரும் தூக்கவில்லை. இந்த ஒரு விஷயத்தில் எனக்கு நடுநிலை கிடையாது. எச்சரிக்கை என்பது தயாரித்து முடித்த இடத்தில் முடிவதில்லை, கடைசி வயல் வரப்பில் நிற்கிறவர் காலை எடுத்து வைக்கும்போதுதான் முடிகிறது. அந்தக் கடைசி ஐந்து மைல்தான் முழு நாடகமும்.

அந்த ஐந்து மைலில் என்னென்ன இருக்கின்றன என்று பார்த்தால் மறுபடி உற்சாகம் வந்துவிடுகிறது. ஆடம்பரக் கருவி ஒன்றும் இல்லை. ஒலிபெருக்கி இருக்கிறது. மியான்மரில் பகோடா திருவிழா, புத்த மடத்து நன்கொடை, கல்யாணம் எதுவானாலும் ஒலிபெருக்கி இல்லாமல் நடக்காது. நம் ஊர் ஆடி மாதம்தான். அந்தக் கருவியே ஆபத்து நேரத்தில் கை கொடுக்கும். கைபேசியை நம்பி உட்கார முடியாத நாடு அது. 2021 பிப்ரவரி 1 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு இணையம் எத்தனையோ முறை துண்டிக்கப்பட்டிருக்கிறது. பேட்டரி வானொலி, ஒலிபெருக்கி, சைக்கிளில் போய்ச் சொல்லும் ஆள், இவர்களுக்குக் கைபேசி சிக்னல் வேண்டாம்.

அடுத்தது புத்த மடங்கள். நர்கீஸ் சமயத்தில் அரசு வருவதற்கு முன்பே ஜனங்கள் போய் ஒதுங்கிய இடங்கள் அவைதான். காரணம் பக்தி மட்டும் இல்லை. கட்டடம் உறுதி, தரை உயரம், சமையலுக்குப் பெரிய அடுப்பும் அண்டாவும் எப்போதும் தயார். ஐந்நூறு பேருக்குச் சோறு பொங்கத் தெரிந்த கைகள் அங்கே இருக்கும். தைப்பூசத்துக்கு அன்னதானம் செய்து பழகிய தமிழ்க் கோயில்களுக்கும் இதே பலம் உண்டு. பேரிடர் வல்லுநர்கள் 'சமுதாய வளம்' என்று கனமாய் எழுதுவது அந்த அண்டாவையும் கரண்டியையும்தான். எனக்கு அதிகாரம் இருந்தால் ஒவ்வொரு வட்டத்து ஆயத்தத் திட்டத்திலும் முதல் பக்கத்தில் 'எந்த மடத்தில் எத்தனை அண்டா' என்று எழுத வைப்பேன்.

நர்கீஸுக்குப் பிறகு சட்டமும் வந்தது. 2013-இல் இயற்கைப் பேரிடர் மேலாண்மைச் சட்டம். தேசிய அளவிலிருந்து கீழே வட்டம் வரை குழு அமைக்க வேண்டும் என்கிறது. செஞ்சிலுவைச் சங்கத்துக்கு வட்டந்தோறும் தொண்டர் படை இருக்கிறது. டெல்டாவில் தூண்கள் மேல் நிற்கும் புயல் காப்பகங்கள் கட்டப்பட்டன. சாதாரண நாளில் பள்ளிக்கூடம், ஆபத்து நாளில் அடைக்கலம். நம் கடலோர மாவட்டங்களில் நிற்கும் பல்நோக்குக் காப்பகங்களின் அதே குடும்பம்.

தன்லியினுக்கு இன்னொரு பின்பக்க ஆள் உண்டு, அவரை யாரும் கவனிப்பதில்லை. சந்திரன்! யாங்கோன் ஆற்றில் அமாவாசை, பௌர்ணமி ஓதத்தின்போது நீர்மட்டம் ஏறி இறங்கும் வித்தியாசம் சுமார் ஐந்து மீட்டர். ஒரே நாளில்! சென்னையில் ஒரு மீட்டர் ஏறினாலே பெரிது. கிழக்கே மோட்டமா வளைகுடா புனல் வடிவில் குறுகிக்கொண்டே போவதால், சிட்டாங் ஆற்று முகத்தில் ஓதம் சுவராய் எழும்பி ஆற்றுக்குள் ஓடிவரும். இப்படிப்பட்ட இடத்தில் புயல் எத்தனை மணிக்குக் கரையேறுகிறது என்பது, எவ்வளவு வேகத்தில் ஏறுகிறது என்பதைப் போலவே முக்கியம். ஓதம் வடிந்திருக்கும் நேரம் வந்தால் தப்பித்தோம், ஏறியிருக்கும் நேரம் வந்தால் ஏற்றத்தின் மேல் ஏற்றம். நர்கீஸ் வந்தபோது அமாவாசைக்கு மூன்றே நாள். அதனால் தன்லியினில் புயல் செய்தி கேட்பவர் பக்கத்திலேயே ஓத அட்டவணையையும் வைத்துக்கொள்ள வேண்டும். ஆற்றோர மீனவருக்கு அந்த அட்டவணை மனப்பாடம். வானிலை அலுவலகத்தின் கணினியும் அவரும் ஒரே கணக்கைத்தான் போடுகிறார்கள்.

புயலாவது மூன்று நாள் முன்பே கடிதம் போட்டுவிட்டு வரும் விருந்தாளி. இந்த மண்ணுக்கு அடியில் இன்னொருவர் இருக்கிறார், அவர் கதவைத் தட்டுவதே கிடையாது. சகாயிங் பிளவு. மியான்மரை வடக்கு தெற்காகக் கீறிக்கொண்டு ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் ஓடி, பாகோ நகரின் பக்கமாய் இறங்கிக் கடலுக்குள் போகிறது. 1930 மே 5 இரவு அதன் தெற்கு முனை அசைந்தது. பாகோவில் சுமார் 500 பேர், ரங்கூனில் சுமார் 50 பேர் மாண்டார்கள். ஷ்வேமாடோ பகோடா இடிந்து விழுந்தது. 2025 மார்ச் 28 பகல் அதன் நடுப்பகுதி பல நூறு கிலோமீட்டர் நீளத்துக்குக் கிழிந்தது. நிலநடுக்க அளவு 7.7, மண்டலே சிதைந்தது, 3,600-க்கும் மேற்பட்டோர் பலி. அன்று ஓர் அதிசயம் நிகழ்ந்தது. ஒரு சூரியமின் நிலையத்தின் கண்காணிப்புக் கேமரா, பிளவின் ஒரு பக்கத்து நிலம் இன்னொரு பக்கத்தை உரசிக்கொண்டு நகர்வதை அப்படியே படம் பிடித்துவிட்டது. ஆய்வாளர்கள் அளந்தார்கள். 1.3 நொடியில் 2.5 மீட்டர். பூமியின் பின்பக்கத்தை மனிதன் எட்டிப் பார்த்த காட்சி என்றால் அதுதான், இன்னும் பார்க்காதவர்கள் தேடிப் பாருங்கள்.

அந்தக் கிழிசல் பாகோ வரை வரவில்லை. பிளவின் இரு பக்கத்து நிலத்தட்டுகள் ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் நகர்கின்றன. 1930-லிருந்து கணக்கிட்டால் தெற்கு முனையில் ஏறத்தாழ இரண்டு மீட்டர் பாக்கி சேர்ந்திருக்கிறது. அது எப்போது வசூலாகும் என்று எந்த அறையிலும் யாராலும் சொல்ல முடியாது. இங்கே நிறமும் இல்லை, கூண்டும் இல்லை. வீட்டுச் சுவரில் கம்பி கட்டியிருக்கிறதா, பீரோவைச் சுவரோடு பிணைத்திருக்கிறதா, குழந்தைக்கு மேசைக்கு அடியில் போகத் தெரியுமா, அவ்வளவுதான் ஒத்திகை. மரமும் மூங்கிலுமான பழைய வீடுகள் நிலநடுக்கத்தில் தாக்குப் பிடிக்கும், புயலில் பறக்கும். செங்கல் வீடுகள் புயலில் நிற்கும், கம்பி கட்டாவிட்டால் நிலநடுக்கத்தில் அமுக்கிவிடும். தன்லியினில் வீடு கட்டுகிறவர் இரண்டு எதிரிகளுக்கும் சேர்த்து யோசிக்க வேண்டியிருக்கிறது. கொத்தனாருக்கு இது சொல்லிக் கொடுக்கப்பட்டிருக்கிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சட்டப் புத்தகத்தைவிட அவர் கையிலுள்ள கம்பிதான் உயிரைக் காக்கும்.

தன்லியின், சவுக்தான் பக்கம் உங்களுக்கு உறவுகள் இருக்கலாம். பர்மாவிலிருந்து வந்த குடும்பங்கள் தமிழ்நாட்டில் கொஞ்சமா? அடுத்த முறை பேசும்போது "சாப்பிட்டீங்களா, மழையா அங்க?" என்று கேட்கும் கையோடு இதையும் கேட்டு வையுங்கள்: "அக்கா, ஆரஞ்சு போட்டா எந்த மேட்டுக்குப் போவீங்க? வீட்டுல பேட்டரி ரேடியோ இருக்கா? அடையாள அட்டையெல்லாம் பிளாஸ்டிக் கவர்ல போட்டு ஒரே பையில வெச்சிருக்கீங்களா?" சித்திரை பிறப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். புயல் வந்த பிறகு லைன் கிடைக்காது.